தொழிற்சங்கத் தலைவர்கள் அதற்கு முன்பு என்ன வேலை பார்த்தவர்கள்? வக்கீலும் டாக்டரும் தொழிலாளருக்குத் தலைமை தாங்குவது சரியா?

மெஷினைத் தொடாதவருக்கு அதில் நிற்பவரின் கஷ்டம் எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் தொழிலாளர்கள் பல இடங்களில் வெளியாளைத் தேடிப்போய்த் தலைவராக்கியிருக்கிறார்கள். காரணம், அவரை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்க முடியாது.

அமெரிக்காவில் புல்மன் கம்பெனியின் ரயில் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள் 1925இல் சங்கம் தொடங்கினார்கள். தலைமைக்கு அழைத்தது ஏ. பிலிப் ராண்டால்ஃபை. அவர் பத்திரிகை ஆசிரியர். அந்த வேலையை ஒருநாளும் பார்த்தவரில்லை. சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையைவிட்டுத் துரத்திய கம்பெனியால் அவரை மட்டும் அசைக்க முடியவில்லை. 1937இல் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கும் பிரம்மஞான சபையின் பி.பி. வாடியா தலைவர், பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகைக்கு வந்த திரு.வி.க. துணைத் தலைவர்.

உள்ளிருந்து வருகிறவர் கொடுக்கும் விலை வேறு. போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து கிரேன் ஓட்டுநரானவர் அன்னா வாலென்டினோவிச். 1980இல், ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது, அவரை நீக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லித்தான் வேலைநிறுத்தமே வெடித்தது. அதற்குத் தலைமை ஏற்ற எலக்ட்ரீஷியன் லேக் வலேசா அதே தளத்தில் ஏற்கெனவே வேலை இழந்தவர். பத்து வருடத்தில் நாட்டின் அதிபரானார். பிரேசிலின் லூலாவும் அப்படித்தான்: லேத் ஓட்டியவர், வேலையில் ஒரு விரலை இழந்தவர்.

நானும் ஒரு கிளைச் சங்கத்தில் செயலாளராக இருந்தவன். தலைவர்கள் உருவாகிற இடம் மேடை என்று நான் நம்பவில்லை. ஷிப்ட் முடிந்து ஒருவர் மெமோவை நீட்டுவார், கை நடுங்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்து, கூட உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று ஒரு வரி விழுந்தால் போதும், விசாரணையில் அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள். இதைப் பொறுமையாகச் செய்துகொடுத்தவரைத்தான் அடுத்த தேர்தலில் ஆட்கள் நிற்கச் சொல்வார்கள்.

வெளியாளின் பலமே சிக்கலாகவும் மாறும். டாக்டர் தத்தா சாமந்த் கல்குவாரித் தொழிலாளருக்கு வைத்தியம் பார்க்கப்போய்ச் சங்க வேலைக்கு வந்தவர். 1982இல் மும்பைப் பஞ்சாலைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரை நம்பி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறையாக முடித்துவைக்கப்படாமலே தேய்ந்துபோனது. ஏராளமானோர் வேலையை இழந்தார்கள். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சம்பளம் நின்ற வீட்டில் அடுத்த மாதத்தை ஓட்ட வேண்டியவர்களும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும் என்பேன்.

ஆகவே வக்கீல் வரட்டும், டாக்டர் வரட்டும். பேச்சுவார்த்தையில் அவர் பக்கத்தில் ஷிப்ட் பார்க்கிற இரண்டு பேராவது உட்காருகிறார்களா, கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தைப் பொதுக்குழுவில் படித்து ஓட்டுக்கு விடுகிறார்களா என்று உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.