கிளப்பும்போது பின்பக்கம் குதிக்கிறதா? பட்டை ஸ்பிரிங் மஸில் கார் கேள்வி பதில்

பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்க மஸில் கார்களில் பின்சக்கரப் பிடியை எப்படிக் கூட்டுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருப்பது 1969 செவி நோவா. அதன் அடியில் படுத்துக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். லீஃப் ஸ்பிரிங்கை நம் ஊர் லாரிக்காரர்கள் பட்டை என்பார்கள். எனக்கும் அதுதான் வாய்க்கு வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 67 கமாரோ. 350 எஞ்சின், நான்கு கியர் மேனுவல். கிளட்சை விட்டு மிதித்தால் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. எந்த டிராக்‌ஷன் பார் வாங்கலாம்?

பார், அதாவது பின் ஆக்சில் முறுக்காமல் தடுக்கும் கம்பி, இருக்கட்டும் தம்பி, முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது ஆக்சில் ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். பினியன், அதாவது எஞ்சின் ஷாஃப்ட் வந்து சேரும் சின்னப் பல் சக்கரம், இருக்கும் மூக்கு மேலே தூக்கும். அதைத் தடுக்க அங்கே இருப்பது பட்டை ஒன்றுதான். பட்டையின் முன்பாதி மேலே வளைகிறது, பின்பாதி கீழே இறங்குகிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். டயரின் பிடி விட்டதும் வளைந்த பட்டை விசுக்கென்று நிமிரும். டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி வளையும். உங்களுக்குக் கேட்கும் தடதடப்பு இதுதான். ஆக்சில், யூனிவர்சல் ஜாயிண்ட், கிரௌன் பல் எல்லாம் இந்த அடியில்தான் உடைகின்றன. அதனால் குதிக்க ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடுங்கள், விடாமல் மிதிக்காதீர்கள்.

67 கமாரோவில் இது கூடுதலாகத் தெரியக் காரணம் உண்டு. அந்த வருடம் வந்த கார்களில் பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒற்றைத் தகடுதான், அடுக்கிய பட்டைக் கட்டு கிடையாது. செவர்லேவுக்கும் இது தெரிந்திருந்தது. பவர் அதிகமான சில 67 கார்களுக்கு வலது பக்கம் ஒரு தடுப்புக் கம்பி வைத்தார்கள். 68இல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். பவர் கூடிய மாடல்களுக்குப் பல பட்டை கொண்ட கட்டும் கொடுத்தார்கள். ஷாக் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் ஹவுசிங் சுழல்வதை அவ்வளவாகத் தடுக்காது. முன்னே ஒன்று பின்னே ஒன்று இருந்தால் தடுக்கும். ஃபோர்டும் 428 கோப்ரா ஜெட் எஞ்சினோடு நான்கு கியர் வந்த மஸ்டாங்கில் இதையே செய்தது.

ஆகவே உங்கள் காரில் முதல் வேலை, நல்ல பல பட்டைக் கட்டு போடுவது. பட்டையின் முன் கண்ணில் (முன்முனையில் போல்ட் நுழையும் வளையம்) இருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா, யு போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, சென்டர் போல்ட் முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐம்பது வருட ரப்பரை வைத்துக்கொண்டு மேலே எந்தப் பார் மாட்டினாலும் பயன் இருக்காது.

கேள்வி: ஹவுசிங் உண்மையிலேயே சுழல்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

செல்போன் போதும். நான் செய்ததைச் சொல்கிறேன். பினியன் மூக்கில் சாக்பீஸால் ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். செல்போனைப் பிடிப்பானில் வைத்து, ஆக்சிலைப் பார்த்தபடி அடிச்சட்டத்தில் இறுக்கிக் கட்டினேன். ஆள் நடமாட்டம் இல்லாத தனி இடத்தில் இரண்டு முறை கிளப்பினேன். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது வெள்ளைக் கோடு மேலே ஏறுகிறது, அந்தரத்தில் ஒரு கணம் நிற்கிறது, சட்டென்று கீழே விழுகிறது, மறுபடி ஏறுகிறது. அதுவரை ஷாக்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்காக யாரையும் காருக்கு அடியிலோ பக்கத்திலோ நிறுத்தவே கூடாது.

கேள்வி: ஸ்லாப்பர் பார் விலை குறைவு, கால்டிராக்ஸ் விலை அதிகம். அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. இரண்டும் அந்தச் சுழற்சியைத்தான் தடுக்கின்றன, ஆனால் தடுக்கும் விதம் வேறு.

ஸ்லாப்பர் பார் என்பது ஒரு கனமான இரும்புக் குழாய். அதன் பின்முனையை ஆக்சில் இருக்கும் இடத்தில் பட்டைக்குக் கீழே பிடித்து இறுக்குவார்கள். முன்முனையில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஹவுசிங் சுழன்றால் பாரும் கூடவே எழும்பும், ரப்பர் கட்டை மேலே போய் மோதும். அதற்கு மேல் சுழற்சி நடக்காது. அது மோதவேண்டிய இடம் பட்டையின் முன் கண்ணுக்கு நேர் கீழே. இதைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். எல்லா காருக்கும் பொருந்தும் என்று விற்கிற குட்டைப் பார்கள் கண்ணை எட்டாமல் பட்டையின் நடுவில் மோதும். என் நோவாவில் ஒரு பட்டறையில் மாட்டிக் கொடுத்தது அந்த ரகம்தான். ஒரு சீசன் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். பட்டையின் அடியில் துருவெல்லாம் போய், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் பட்டை லேசாக மேலே வளைந்தும் போயிருந்தது. மோதும் ஒவ்வொரு தடவையும் பார் பட்டையை வளைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டையைத்தான் மாற்றவேண்டியதாயிற்று.

கால்டிராக்ஸில் மோதல் கிடையாது. பட்டையின் முன் கண் போல்ட்டில் முக்கோணமாக ஒரு பிராக்கெட் தொங்கும். ஆக்சிலுக்குக் கீழிருந்து ஒரு கம்பி அதன் அடிமுனைக்கு வரும். ஹவுசிங் சுழன்றதும் கம்பி முன்னால் தள்ளும், பிராக்கெட் திரும்பும், திரும்பி முன்பாதிப் பட்டையை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். வளைய நினைக்கும் பட்டையை, அதை வளைக்கும் விசையே அழுத்திப் பிடிக்கிறது. கிளப்பாமல் சும்மா ஓட்டும்போது இது தலையிடாது, பட்டை தன் போக்கில் வேலை செய்யும். தினசரி ஓட்டத்துக்கும் டிராக் ஸ்டிரிப்புக்கும் (நேர்கோட்டுப் பந்தயத் தடம்) ஒரே கார் என்றால் என் தேர்வு இதுதான். காசு இடித்தால் உங்கள் காருக்கென்றே அளவெடுத்துச் செய்த ஸ்லாப்பர் பார் வாங்குங்கள். ரப்பருக்கும் கண்ணுக்கும் நடுவில் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இடைவெளி விடுங்கள். தெரு ஓட்டத்துக்கு அதுவே நல்ல வேலை செய்யும்.

கேள்வி: 1970 செவெல் வைத்திருக்கிறேன். கால்டிராக்ஸ் பொருந்துமா?

பொருந்தாது. செவெல், ஜிடிஓ, கட்லஸ் இவற்றில் பின்னால் பட்டை கிடையாது. காயில் ஸ்பிரிங்கும் ஆக்சிலைப் பிடிக்கும் நான்கு கைகளும்தான். அதற்கான வழி வேறு. மேல் கைகள் மாட்டும் இடத்தை உயர்த்தும் பிராக்கெட்டுகள் கிடைக்கும், அவற்றைப் பாருங்கள்.

கேள்வி: என் பிளிமத் டஸ்டரில் பார் எதுவும் இல்லாமலே நன்றாகக் கிளம்புகிறது. எப்படி?

பிளிமத்தைச் செய்த கிறைஸ்லர்காரர்கள் பட்டையை அமைத்த விதம் அப்படி. உங்கள் டஸ்டரில் ஆக்சில் பட்டையின் நடுவில் உட்காரவில்லை, முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முன்பகுதி சுமார் 20 அங்குலம், பின்பகுதி அதைவிட மிக நீளம். குட்டையான முன்பகுதி விறைப்பாக நின்று அதுவே ஒரு டிராக்‌ஷன் பார் போல வேலை செய்கிறது. பின்பகுதி நீளமாக இருப்பதால் ஓட்டமும் மெத்தென்று இருக்கும். இவ்வளவு எளிமையான ஒரு பொருளில் இவ்வளவு யோசனை வைத்தார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் உங்கள் காரில் பினியனுக்கு மேல் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். மூக்கு தூக்கினால் அது தரைத்தகட்டில் போய் இடித்துத் தடுக்கும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையும் கிடைக்கும். பந்தயத்துக்குப் போவதென்றால் சூப்பர் ஸ்டாக் பட்டைகளைப் பாருங்கள். அதில் இடது கட்டும் வலது கட்டும் ஒரே மாதிரி இருக்காது. மாட்டும்போது பக்கம் மாறிவிடாமல் கவனியுங்கள்.

கேள்வி: இடது வலது ஏன் வேறாக இருக்கவேண்டும்? என் மஸ்டாங்கிலும் வலது டயர் மட்டும்தான் சுற்றிக் கருப்புக் கோடு போடுகிறது.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் ஹவுசிங்கையும் தன்னோடு சேர்த்துத் திருப்பப் பார்க்கும். காரின் பின்னால் நின்று பார்த்தால் ஹவுசிங்கின் இடதுபக்கம் கீழே அழுந்தும், வலதுபக்கம் மேலே எழும்பும். எடை குறைந்த வலது டயர் சுற்றுகிறது. சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் சுற்றுகிற டயருக்கே பவரெல்லாம் போய்விடும். அதனால் உங்களுக்கு முதல் செலவு, மறு டயருக்கும் பவரைப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதன் பிறகு பார் மாட்டும்போது வலது பக்கக் கம்பியை இடதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி வையுங்கள். தெருவில் ஓட்டுவதற்குக் கம்பியில் கால் சுற்று போதும். அதிகமானால் நேர் சாலையிலேயே கார் ஒரு பக்கம் இழுப்பது போலிருக்கும்.

கேள்வி: கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே சார்?

சுழற்சி குறையும், மறுக்கவில்லை. ஆனால் முழு ஸ்பிரிங்கும் கட்டை போல ஆகிவிடும். மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பும், அப்போது இருக்கிற பிடியும் போய்விடும். விறைப்பு தேவைப்படுவது முன்பாதிக்கு மட்டும். காற்றடிக்கும் ஷாக் மாட்டிப் பின்பக்கத்தைத் தூக்குவதும் வேண்டாம். ஷாக் பிடிக்கும் இடம் காரின் எடையைச் சுமக்கச் செய்ததல்ல. காரைத் தாழ்த்த ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பவர்களும் கவனியுங்கள். கட்டையின் உயரம் கூடக்கூடப் பட்டையை முறுக்கும் நெம்புகோலும் நீளும்.

கேள்வி: பினியன் கோணம் எவ்வளவு வைப்பது?

மூக்கு மேலே தூக்கும் என்பதால் நிற்கும்போதே கொஞ்சம் கீழே பார்த்தபடி வைக்கிறோம். மிதித்ததும் அது எழும்பி ஷாஃப்டோடு நேராக வரவேண்டும். வெறும் பட்டை என்றால் ஷாஃப்டுக்கு ஐந்து முதல் ஏழு டிகிரி கீழே, சுழற்சியைத் தடுக்கும் பார் இருந்தால் மூன்று நான்கு டிகிரி போதும். அளக்கும்போது காரின் எடை சக்கரத்தில் இருக்கவேண்டும். ஜாக்கியில் ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

கேள்வி: லேடர் பார் போட்டால் இன்னும் வேகமாகப் போகுமாமே? வார இறுதியில் பிள்ளைகளோடு வெளியே போவதும் இதே காரில்தான்.

அப்படியானால் வேண்டவே வேண்டாம். லேடர் பார் என்பது ஆக்சிலை அடிச்சட்டத்தோடு விறைப்பாகப் பிணைக்கும் ஏணி வடிவக் கம்பி, நேர்கோட்டில் ஓடும் பந்தயக் காருக்கானது. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் இயல்பாகச் சாய அது விடாது. முன்பக்கத்துக்கு விற்கும் 90/10 ஷாக்கும் அப்படித்தான். அது சட்டென்று நீளும், மெதுவாகத்தான் அமுங்கும். கிளப்பும்போது எடையைப் பின்னால் தள்ள நல்லது, வளைவில் ஆபத்து. பிள்ளைகளை ஏற்றும் காருக்கு நல்ல சாதாரண ஷாக், நல்ல ரேடியல் டயர், ஒழுங்காகப் பொருத்திய பார் போதும். பந்தயத்துக்கான டிராக் ரேடியல் டயரையும் மழை நாளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: எல்லாம் வாங்கிவிட்டேன். இந்த வாரம் மாட்டப் போகிறேன். கவனிக்கவேண்டியது என்ன?

முன் கண் போல்ட்டைக் கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். கமாரோ, நோவா என்றால் முன் அடிச்சட்டத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் சட்டங்கள் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்து அதைச் செய்யுங்கள். பார் தள்ளும் விசை எல்லாம் காரின் உடம்பில்தான் போய் இறங்கும், உடம்பு முறுக்கினால் கதவு இடைவெளி மாறும். மாட்டிவிட்டு ஒரு நூறு மைல் மென்மையாக ஓட்டுங்கள். பிறகு யு போல்ட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பட்டைகள் படிந்து உட்கார்ந்த பிறகு அவை தளர்ந்திருக்கும். என் காரில் நான்கில் மூன்று தளர்ந்திருந்தன.