ஷார்ஜாவுக்கு வரப்போகும் டீச்சர் தங்கச்சிக்கு: வேலை தேடலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. கீழக்கரையிலிருந்து அடுத்த மாதம் ஷார்ஜாவில் மாப்பிள்ளையிடம் வந்து சேரப் போகிறாய். எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து ராமநாதபுரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருஷம் பாடம் எடுத்திருக்கிறாய். டீச்சர் வேலைக்கு எந்தெந்த வெப்சைட்டில் போடலாம், ஏர்வாடிப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் 75 ஆயிரம் கொடுத்தால் வேலை உறுதி என்கிறாரே நம்பலாமா, வேலை கிடைக்கும்வரை நாலு சுவருக்குள் இருந்தால் படித்ததெல்லாம் மறந்து போகுமே, இதுதானே கேட்டாய்?

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு பைசா கொடுக்காதே. அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் (2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம்) வேலைக்கு எடுக்கிற செலவை வேலை செய்பவரிடமிருந்து நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. இந்தியாவிலும் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டுகளின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, அந்த லைசென்ஸ்காரரே 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக்கூடாது. அதெல்லாம்கூட உனக்குத் தேவையே இல்லை, ஏனென்றால் நீ மாப்பிள்ளை விசாவில் வருகிறாய். பள்ளி உன்னை எடுத்தால் அவர்கள் ஒர்க் பர்மிட் மட்டும் போட்டால் போதும், விசா மாப்பிள்ளையிடமே இருக்கலாம். இதில் ஏஜென்ட்டுக்கு என்ன வேலை?

நம்மூரில் சபுர் (வெளிநாட்டுப் பயணம்) போகிறவர்களுக்கு வேலை வந்த வழி எல்லோருக்கும் தெரியும். ஒரு காக்கா (அண்ணன்) அங்கே கடையில் இருப்பார், அவர் தம்பியைக் கூப்பிடுவார், தம்பி மச்சானைக் கூப்பிடுவார், தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் தேவிபட்டினத்திலும் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் கரையேறின. அந்த வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டீச்சர் வேலைக்கு அது உதவாது. பள்ளி முதல்வருக்கே உன்னைப் பிடித்துப்போனாலும், உன் சான்றிதழ்களைப் பார்த்துக் கல்வித்துறை ஒப்புதல் கொடுத்தால்தான் நீ வகுப்புக்குள் நிற்க முடியும். அதனால் தெரிந்தவர் சொல்லி நுழைவது என்ற எண்ணத்தை எடுத்துவிட்டு, கல்வித்துறை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தேடலை ஆரம்பி.

அதாவது, வேலை விளம்பரத்திலிருந்து ஆரம்பிக்காதே, பள்ளிப் பட்டியலிலிருந்து ஆரம்பி. துபாயில் தனியார் பள்ளிகளைப் பார்த்துக்கொள்வது கே.எச்.டி.ஏ., அபுதாபியில் அடெக், உன் ஷார்ஜாவில் ஸ்பியா என்கிற தனியார் கல்வி ஆணையம். மூன்றுக்கும் தளம் உண்டு, பள்ளிகளின் விவரம் அங்கேயே கிடைக்கும், எது சிபிஎஸ்இ, எது பிரிட்டிஷ் என்று பிரித்துப் பார்க்கலாம். உன் வீட்டிலிருந்து போய்வர முடிகிற சிபிஎஸ்இ பள்ளிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுது. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலையில் போவது லேசான காரியம் இல்லை, அல் இத்திஹாத் ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும், இருட்டோடு எழுந்து ஸ்கூல் பஸ் பிடிக்க வேண்டும். ஷார்ஜாவில் 2022லிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, பள்ளிக்கும் அப்படித்தான். கைக்குழந்தையோடு வருகிறேன் என்று எழுதியிருந்தாய், சம்பளத்தோடு இதையும் சேர்த்து யோசி.

இப்போது நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆணையங்கள் பள்ளிகளை ஆய்வு செய்து எழுதும் அறிக்கைகள் அந்தத் தளங்களிலேயே பிடிஎஃப்பாகக் கிடக்கின்றன. பெற்றோர்கள் படிப்பார்கள், வேலை தேடும் டீச்சர்கள் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. துபாய் அறிக்கை ஒன்றை எடுத்துப் பார். ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று பாடவாரியாக, கேஜி, பிரைமரி, மிடில், செகண்டரி என்று கட்டம் கட்டி, அவுட்ஸ்டாண்டிங்கிலிருந்து வெரி வீக் வரைக்கும் தரம் போட்டிருப்பார்கள். கணிதத்தில் பிரைமரி 'குட்', மிடிலில் மட்டும் 'அக்செப்டபிள்' என்று இருந்தால் அந்தப் பள்ளி தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் அதுதான். கீழே இறங்கினால் காரணமும் இருக்கும், பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், ஏன் அப்படி என்று விளக்கத் தெரியவில்லை என்கிற மாதிரி. அறிக்கையின் தேதியை மட்டும் பார்த்துக்கொள், எல்லா வருஷமும் எல்லாப் பள்ளியிலும் முழு ஆய்வு நடப்பதில்லை.

இதை வைத்து என்ன செய்யலாம்? வேலைக்கு எடுக்குமுன் பாடம் நடத்திக் காட்டச் சொல்லி டெமோ கிளாஸுக்குக் கூப்பிடுவார்கள். முழுக்களில் ஒரு பாடம் எடு என்றால் விதியைச் சொல்லி நாலு கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் நம்மூர்ப் பழக்கம். அதை விட்டுவிட்டு போர்டில் (-3)² = 9 என்றும், அதற்குக் கீழே -3² = 9 என்றும் எழுதி, இரண்டில் ஒன்று தப்பு, எது என்று பக்கத்தில் இருப்பவருக்குப் புரிய வை என்று பிள்ளைகளிடம் விட்டுப் பார். அடைப்புக்குறி இல்லாவிட்டால் இரண்டாம் படி மூன்றுக்கு மட்டும்தான், குறை அடையாளம் வெளியே நிற்கிறது, அதனால் விடை -9 என்று பிள்ளைகளே அடித்துப் பேசிக் கண்டுபிடிப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவர் அறிக்கையில் குறை வாங்கியவர், அவர் நிமிர்ந்து உட்காருவார். நான் இங்கே ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், டெமோ பார்க்கவும் அழைப்பார்கள், அதனால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பயோடேட்டாவும் அப்படியே. நம் பக்கத்திலிருந்து வருவதில் வாப்பா பெயர், மதம், உயரம், தெரிந்த மொழிகள், கடைசியில் உறுதிமொழி என்று நாலு பக்கம் இருக்கும், வகுப்பறையில் என்ன செய்தாய் என்பது மட்டும் ஒரு வரிகூட இருக்காது. உன்னுடையது இரண்டு பக்கம் போதும். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்திட்டம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது. இதை எழுது.

சரி, தளங்கள். பள்ளிகளின் சொந்தத் தளத்தில் 'கேரியர்ஸ்' பக்கம் இருக்கும், அதுதான் முதல் வாசல். லிங்க்ட்இன்னில் கணக்குத் திறந்து உன் பட்டியலில் உள்ள பள்ளிகளைப் பின்தொடர், அவசரத்துக்கு ஆள் தேடும்போது முதலில் அங்கே போடுகிறவர்கள் நிறைய. நவுக்ரிகல்ஃப் என்ற வேலைத் தளத்தில் ஒரு புரொஃபைல் போட்டு வை, ஆனால் அதை நம்பி உட்காராதே. பிரிட்டிஷ் பாடத்திட்டம் பக்கம் போக ஆசை இருந்தால் டெஸ் என்ற தளம், அங்கே பாட உபகரணங்களும் கிடைக்கும். எங்கே விளம்பரம் பார்த்தாலும், பள்ளியின் பெயர் ஆணையப் பட்டியலில் இருக்கிறதா, மெயில் பள்ளியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட் நகலை அனுப்பு. ஆஃபர் லெட்டரை இங்குள்ள தொழிலாளர் அமைச்சகத் தளத்திலேயே சரிபார்க்கலாம். பர்மிட் போடுவதற்கு முன்னால் 'சும்மா ஒரு மாசம் வந்து பாருங்க' என்று கூப்பிட்டால் போகாதே. பர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் வரை அபராதம் என்று 2024ல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள், உனக்கும் சிக்கல்தான்.

காலமும் பார்க்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு ஏப்ரலில் வருஷம் தொடங்கும், அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை நேர்காணல் மும்முரமாக நடக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பாமல் நின்றுவிடுவார்கள், ஆகஸ்ட் கடைசியிலும் இடம் விழும்.

நீ ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியது சான்றிதழ் அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவது. இதைத் தள்ளிப் போடாதே. அழகப்பா பல்கலைக்கழகப் பட்டமும், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பி.எட். பட்டமும் கையில் ஒரிஜினலாக இருக்க வேண்டும், புரவிஷனலை வைத்து ஒன்றும் நடக்காது. சென்னையில் மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம், கடைசியில் இங்கே வந்தபின் இந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம், இதுதான் வரிசை. நிக்காஹ் சான்றுக்காக மாப்பிள்ளை ஏற்கனவே இந்த வரிசையில் போயிருப்பார், அவரிடமே கேள். பெயரையும் பார். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் முழுதாக இருக்கும், நம்மூர்ப் பெண்கள் பலருக்கும் இந்த முட்டுக்கட்டை வந்திருக்கிறது. இருவரும் ஒருவரே என்று ஒரு பத்திரம் ஊரிலேயே எடுத்துவிடு. ரெகுலராகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவள் என்று இரண்டு பல்கலைக்கழகத்திடமும் கடிதம் வாங்கி வை, தொலைநிலைக் கல்வியோ என்ற சந்தேகம் இங்கே சட்டென்று வரும். பழைய பள்ளியில் அனுபவச் சான்றிதழ் லெட்டர்ஹெட்டில், தேதியோடு, முதல்வர் கையெழுத்தோடு. போலீஸ் கிளியரன்ஸும் கேட்பார்கள், பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

மறந்து போகுமே என்று பயப்படுகிறாயே, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஸ்டாஃப் ரூமில் பேசிப் பேசித்தான் நாம் டீச்சர் ஆகிறோம், அது இல்லாமல் தனியாக ஒரு பிளாட்டில் இருப்பது கஷ்டம்தான். நீ சமச்சீரிலிருந்து சிபிஎஸ்இக்கு மாறுகிறாய், அதனால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி 6 முதல் 10 வரை கணக்கு ஒவ்வொன்றையும் நீயே போட்டுப் பார், ஆறாம் வகுப்புக்கு 2024லிருந்து புதுப் புத்தகம். சிபிஎஸ்இ மாதிரி வினாத்தாள்கள் அவர்கள் கல்விப் பிரிவின் தளத்தில் கிடைக்கும், இப்போது அதில் பாதி, மனப்பாடத்துக்கு மடங்காத கேள்விகள். இந்திய அரசின் தீக்ஷா தளத்தில் ஆசிரியர் பயிற்சிகள் இருக்கின்றன, சான்றிதழும் வரும். சிபிஎஸ்இ ஆசிரியர்கள் வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பதால், வேலைக்கு வருமுன்பே கொஞ்சம் முடித்தவளாக நீ வந்தால் பள்ளிக்கு அது தெரியும். கணிதத்துக்கென்றே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் என்ரிச் என்ற தளத்தைக் கட்டாயம் பார், ஒரு கணக்கை எத்தனை பக்கத்திலிருந்து திறக்கலாம் என்று அங்கே தெரியும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைக் கையில் பழகிக்கொள், டெமோவில் உதவும்.

நம்ம ஆட்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் நம் கரையோரத்துப் பெண்கள் பலர் டீச்சராக இருக்கிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. அங்கே வேலை கேட்பதைவிட, அந்தப் பள்ளியில் சம்பளம் தேதிக்கு வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பீரியட், வருஷ நடுவில் ஏன் இத்தனை பேர் விலகினார்கள் என்று கேள். எந்த ஆய்வறிக்கையும் இதைச் சொல்லாது.

வேலை வர நாளானால் டியூஷன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்கலாம், பர்மிட்டோடு. 2023 டிசம்பரில் தனியார் டியூஷனுக்கென்று ஒரு அனுமதி கொண்டுவந்தார்கள், வேலை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குச் செல்லும். தொழிலாளர் அமைச்சகத் தளத்தில் போட வேண்டும். அதை வாங்கிக்கொண்டு உன் கட்டடத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, கையும் விட்டுப்போகாது, பயோடேட்டாவில் இடைவெளியும் விழாது.

இந்த வாரமே சென்னை வேலையை ஆரம்பித்துவிடு. பயோடேட்டாவை இரண்டு பக்கத்துக்குக் குறைத்து அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். உம்மாவுக்கு என் சலாம் சொல்.