நியூஜெர்சியிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நியூஜெர்சியில் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிக்கு ஆறு வருஷம் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். கையில் அமெரிக்கப் பயிற்சியாளர் லைசன்ஸ் இருக்கு. மனைவியின் வேலையால் இங்கே ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம். அந்த லைசன்ஸ் இங்கே செல்லுமோ, அமெரிக்காவில் பழகின பயிற்சியாளரை ஐரோப்பியக் கிளப்புகள் மதிக்குமோ என்று கேட்கிறீர்கள்.

நான் 1989இல் அகதியாக வந்தவன். மகன் விளையாடின மைதானத்தில் வேலியோரம் நின்ற என்னைக் கூப்பிட்டு ஒருநாள் விசிலைக் கையில் தந்தார்கள். இருபது வருஷமாகச் சின்னப் பெடியளோடுதான் இருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

லைசன்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஐரோப்பாவில் யூயேஃபா என்ற ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தின் சி, பி, ஏ, ப்ரோ என்று படிகள், ப்ரோதான் உச்சி. அமெரிக்கச் சங்கத்தின் சான்றிதழ் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது, தன்பாட்டில் செல்லாது. ஜெர்மனியில் மேல் மூன்று லீக்குகளில் தலைமைப் பயிற்சியாளராக நிற்கிறதுக்கு ப்ரோ வேணும். நியூயார்க் ரெட் புல்ஸில் பெயரெடுத்த அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஸ்ஸி மார்ஷ்கூட ஸ்காட்லாந்துச் சங்கத்தில் மாணவனாகப் போய் இருந்துதான் அந்த ப்ரோவை வாங்கினார். ஆனால் உங்கள் தெருமுனைக் கிளப்பில், பத்து வயதுப் பிள்ளைகளின் அணிக்கு, லைசன்ஸ் ஒருவரும் கேட்கப்போவதில்லை. பிள்ளைகளோடு பழகுகிறபடியால் பொலிஸ் நற்சான்றிதழ் ஒன்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

மதிப்புக் கேள்விதான் பெரிசு. பாப் பிராட்லியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கத் தேசிய அணியை 2010 உலகக்கோப்பைக்குக் கொண்டுபோனவர். பிறகு எகிப்து, நார்வேயில் ஸ்டாபெக், பிரான்ஸில் லு ஆவ்ர் என்று படிப்படியாக வந்து, 2016 அக்டோபரில் ஸ்வான்சி கிளப்பில் பொறுப்பெடுத்தார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முதல் அமெரிக்கப் பயிற்சியாளர். 85 நாளில், 11 ஆட்டத்தில், அனுப்பிவிட்டார்கள். வென்றது இரண்டு. தோற்றது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் பெனால்டியை அமெரிக்கப் பழக்கத்தில் 'பீகே' என்று சொன்னதுக்கும், வெளியூர் ஆட்டத்தை 'ரோட் கேம்' என்றதுக்கும் அந்த மனுஷன் வாங்கின நக்கல் இருக்கே! தோற்கிற ஆங்கிலேயருக்குத் தோல்வி மட்டும்தான். தோற்கிற அமெரிக்கருக்கு உச்சரிப்பும் குற்றமாகிவிடும். அகதியாக வந்த எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும்.

இதுக்கு நேர்மாறாக ஒன்று. 2019 அக்டோபரில் மார்ஷின் அணி, ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க், லிவர்பூலின் மைதானத்தில் இடைவேளைக்கு 3-1 பின்னால். உடைமாற்றும் அறையில் அவர் போட்ட சத்தத்தின் வீடியோ பிறகு உலகம் சுற்றியது. பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம், நடுவில் கெட்ட வார்த்தை. இது நட்பு ஆட்டம் இல்லையடா என்பதுதான் சாரம். ஜெர்மன் இலக்கணம் பார்த்தால் எங்கள் பின்னேர வகுப்பு ரீச்சர் சிவப்புப் பேனையோடு அழுதிருப்பார். பெடியள் போய் 3-3 ஆக்கினார்கள், கடைசியில் 4-3இல் தோற்றாலும். உடைந்த ஜெர்மனோ இல்லையோ, அவர்களின் மொழியிலேயே கத்தினாரே, அதுதான் கதை. அதே மார்ஷைப் பிறகு ஜெர்மனியின் லைப்சிக் கிளப் ஐந்து மாதத்தில் அனுப்பியது என்பதையும் மறக்காதீர்கள்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் நீங்கள் வடிவாகப் பார்க்கவேணும். பெலெக்ரினோ மத்தராட்சோ. நியூஜெர்சியின் வெய்னில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 2000இல் ஜெர்மனியின் பாட் குரோய்ட்ஸ்நாக் என்ற சின்ன ஊர்க் கிளப்புக்கு விளையாட வந்தார். பத்து வருஷம் கீழ் லீக்குகளில் ஓடினார். பிறகு பயிற்சிப் பக்கம்: நியூர்ன்பெர்க்கின் இரண்டாம் அணி, இளையோர் அணி, ஹொஃபன்ஹைமில் உதவியாளர். எங்கள் ஊர்ப் பெரிய கிளப் வி.எஃப்.பி. ஸ்டுட்கார்ட்டின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது 2019 டிசம்பரில். கணக்குப் பார்த்தால் 19 வருஷம்! அதுக்குள் அவரை இங்கே ஒருவரும் 'அந்த அமெரிக்கன்' என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 2022 மே மாதம் கடைசி ஆட்டத்தில் 92ஆவது நிமிஷம் ஆட்டக்காரர் எண்டோ தலையால் அடித்து, கீழ் லீக்குக்கு இறங்காமல் அணியைக் காப்பாற்றினாரே, அன்று எங்கள் தெருவில் கேட்ட சத்தம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அடுத்த அக்டோபரில் மத்தராட்சோவையும் அனுப்பிவிட்டார்கள். அது இந்தத் தொழிலின் காலநிலை.

இனி என் கதை. பயிற்சி தொடங்கின முதல் மாதம். அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு ஜெர்மனில் 'ஹ்யூட்சென்', குட்டித் தொப்பி என்று பெயர். எட்டு வயதுப் பெடியள் பன்னிரண்டு பேர். கூம்புகளைச் சுற்றி ஓடுங்கோ என்று சொல்ல நினைத்து, 'லவுஃப்ட் டி ஹ்யூட்சென் உம்!' என்றேன். 'உம்லவுஃபன்' என்ற அந்த வினைச்சொல்லைப் பிரிக்காமல் சொன்னால் சுற்றி ஓடுவது, 'உம்'மைப் பிரித்துக் கடைசியில் போட்டால் ஓடிப்போய் இடித்துச் சாய்ப்பது. பன்னிரண்டு பேரும் என்னை ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு ஆசையோடு பாய்ந்து ஒரு கூம்பு மிஞ்சாமல் சாய்த்தார்கள். வேலியில் நின்ற தாய்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த கிழமை வந்தபோது இரண்டு தாய்மார் என்னோடு கதைக்கத் தொடங்கினார்கள். அதுவரை வணக்கம் மட்டும்தான்.

ஆகவே பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பகலில் வேலை, செவ்வாயும் வியாழனும் பின்னேரம் மைதானம். கிளப் தருகிற சின்னக் காசு வருஷத்துக்கு ஒரு வரம்பு வரை வரியில்லை, அதில் பெட்ரோல் போடலாம், குடும்பம் நடத்தேலாது. ஜெர்மன் வகுப்பை பி2 என்ற மொழித் தரம் வரைக்கும் விடாமல் போங்கோ, லைசன்ஸ் வகுப்பு முழுக்க ஜெர்மனில்தான் நடக்கும். வகுப்பில் படிக்கிற ஜெர்மன் வேறு, இங்கத்தைய அப்பாமார் கதைக்கிற ஸ்வேபிஷ் என்ற வட்டார வழக்கு வேறு. அதுக்கு மைதானம்தான் பள்ளிக்கூடம்.

இன்னொன்று. சனிக்கிழமை போட்டி நாளில் கேக் விற்கிற முறை உங்களுக்கும் வரும், பயிற்சியாளர் என்று தப்பேலாது. கேக் சுடத் தெரியாவிட்டால் வடை போடுங்கோ. என் மனைவி கொண்டுபோகிற அறுபது வடையும் முதல் பாதி முடிய முன்னமே காலி.