கண்ட்ரி ராக் முன்னோடிகள்: அழும் கம்பியும் இரட்டைக் குரலும் – கேள்வி பதில்

1960களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் சில ராக் இசைக்கலைஞர்கள் அமெரிக்கத் தெற்கின் கண்ட்ரி இசையைக் கையிலெடுத்தார்கள். அந்தப் பாடல்களையும், அவற்றின் ஒலியைக் கைக்குக் கொண்டுவரும் வழியையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள். கிட்டார் வாசிப்பவர்களின் கேள்விகளே அதிகம் என்பதால் கருவிகளுக்குக் கூடுதல் இடம்.

கேள்வி: எனக்கு ஈகிள்ஸ் மட்டும்தான் தெரியும் சார். அதற்கு முன்னால் யாரைக் கேட்க வேண்டும்?

ஈகிள்ஸிலிருந்தே பின்னோக்கிப் போங்கள். 1972இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 'ட்ரெய்ன் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பேர்ட்ஸ் குழுவில் இருந்த ஜீன் கிளார்க்கும், பின்னாளில் ஈகிள்ஸில் சேர்ந்த பெர்னி லீடனும் சேர்ந்து எழுதியது. 1968இல் டில்லார்ட் அண்ட் கிளார்க் ஆல்பத்தில் அது முதலில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்று அந்த ஒரு பாட்டிலேயே விளங்கிவிடும்.

அடுத்து பேர்ட்ஸின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' (1968), அதன்பின் ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸின் 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' (1969). பேர்ட்ஸை விட்டு வந்த கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் தொடங்கிய குழு அது. விற்பனையைப் பார்த்து இவற்றை எடைபோடாதீர்கள். அமெரிக்கப் பட்டியலில் முன்னது 77ஆம் இடத்தோடு நின்றது, பின்னது 164ஆம் இடத்தோடு. ஈகிள்ஸின் முதல் தொகுப்பு ஆல்பத்துக்கு 2018இல் அங்கே 38 முறை பிளாட்டினம் சான்று கிடைத்தது. விதைத்தவர்கள் வேறு, அறுவடை செய்தவர்கள் வேறு.

கேள்வி: 'ஸ்வீட்ஹார்ட்' ஆல்பத்தின் உயிரே கிராம் பார்சன்ஸ் என்கிறார்கள். ஆனால் பாதிப் பாட்டுக்கு மேல் அவர் குரலே இல்லையே?

பேர்ட்ஸில் சேருமுன் கிராம், லீ ஹேசில்வுட்டின் எல்.எச்.ஐ. நிறுவனத்துக்காக இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்ட் என்ற குழுவோடு ஒரு ஆல்பம் பதிவு செய்திருந்தார். அந்த ஒப்பந்தம் தலையிட்டதால் அவர் பாடிய சில பாடல்களில் பேர்ட்ஸின் தலைவர் ரோஜர் மெக்வின் குரல் ஏறியது. 'ஹிக்கரி விண்ட்', 'யூ ஆர் ஸ்டில் ஆன் மை மைண்ட்', 'லைஃப் இன் பிரிசன்' ஆகிய மூன்றில் மட்டும் கிராம் முதன்மைக் குரலாக மிஞ்சினார். 2003இல் வந்த விரிவான பதிப்பில் அவர் பாடிய மூலப் பதிவுகளும் உண்டு. 'தி கிறிஸ்டியன் லைஃப்' பாட்டை இரண்டு குரலிலும் கேளுங்கள். மெக்வின் தெற்கத்திய உச்சரிப்பை மேலே பூசிக்கொண்டு பாடுவது கேட்கும். கிராம் ஜார்ஜியாவில் வளர்ந்தவர், அவருக்கு அது வாயோடு வருவது.

கேள்வி: நாஷ்வில் மேடையில் இவர்களுக்கு எதிர்ப்பு கிளம்பியது உண்மையா?

உண்மை. 1968 மார்ச் 15, கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், ரைமன் அரங்கில் நடந்த கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி. நீளமுடி வைத்த ராக் குழுவை அந்தக் கூட்டம் விரும்பவில்லை. கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்டின் பாடல்கள் இரண்டு என்று பேசியிருக்க, இரண்டாவதுக்குப் பதிலாகக் கிராம் தன் 'ஹிக்கரி விண்ட்' பாட்டைப் பாட்டிக்குச் சமர்ப்பித்துப் பாடினார். நிகழ்ச்சிக்காரர்களின் கோபம் அதனால் கூடியது. ஆனால் அதே வாரங்களில் நாஷ்வில் ஸ்டூடியோவில் ஸ்டீல் கிட்டார் கலைஞர் லாய்ட் கிரீன் போன்ற பெரிய கைகள் இந்த ஆல்பத்துக்கு மனம் வைத்து வாசித்திருக்கிறார்கள். மேடையில் நடந்ததை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது சரியில்லை.

கேள்வி: பெடல் ஸ்டீலும் நம் கோட்டு வாத்தியமும் ஒன்றுதானே? இரண்டிலும் கட்டையால்தானே இழைக்கிறார்கள்?

இழைப்பு ஒன்றுதான், ஆனால் பெடல் ஸ்டீலின் அழுகை இழைப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. கோட்டு வாத்தியத்தில் கட்டை நகர்ந்தால் அதன் கீழுள்ள சுரம் நகரும். பெடல் ஸ்டீலில் உலோகத் தண்டு அசையாமல் இருக்க, காலால் ஒரு பெடலை மிதித்தால் சில கம்பிகள் மட்டும் சுருதி ஏறும், மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். ஒரு சுரம் நிற்க, பக்கத்துச் சுரம் அதன்மேல் உரசிக்கொண்டு ஏறுவதுதான் அந்த விம்மல்.

நாஷ்வில்லில் வழங்கும் ஈ9 அமைப்பு இது. முதல் கம்பியிலிருந்து பத்தாவது வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. முதல் பெடல் (ஏ பெடல் என்பார்கள்) 5, 10ஆம் கம்பிகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். இரண்டாவது பெடல் 3, 6ஆம் கம்பிகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஈ மேஜர் ஏ மேஜராகிவிடும்.

இதை வைத்தே ஜி மேஜரில் ஒரு முழுப் பாட்டை வாசித்துவிடலாம். 3, 4, 5ஆம் கம்பிகளை மீட்டுங்கள். தண்டு 3ஆம் ஃப்ரெட்டில், பெடல் இல்லாமல்: ஜி. அதே இடத்தில் இரண்டு பெடலும் மிதித்தால்: சி. மிதித்தபடியே 5ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால்: டி.

புதிதாக வாசிப்பவர்கள் இரண்டு இடத்தில் தடுக்குவார்கள். தண்டு ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்து வைத்தால் கண் ஏமாற்றும், எல்லாச் சுரமும் ஒரு இழை விலகி ஒலிக்கும். அடுத்தது வால்யூம் பெடல். அதை முழுக்க மிதித்துக்கொண்டு மீட்டினால், ஒலி தேயும்போது ஏற்றிக்கொடுக்க மிச்சம் இருக்காது. பாதியில் வைத்து மீட்டி, தேயத் தேய மிதியுங்கள்.

கேள்வி: பரிட்டோ பிரதர்ஸ் ஆல்பத்தில் பெடல் ஸ்டீல் ஏன் எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரி கரகரக்கிறது?

ஸ்னீக்கி பீட் கிளைனோ அதை ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) வழியாக விட்டு வாசித்தார். 'ஹாட் பரிட்டோ நம்பர் 2' கேளுங்கள். அந்தக் குழுவில் முன்னணி கிட்டார் இருக்க வேண்டிய இடத்தையே அவருடைய ஸ்டீல் பிடித்துக்கொண்டது. நாஷ்வில்காரர்களின் பத்துக் கம்பிக் கருவியை விட்டு, எட்டுக் கம்பி ஃபெண்டர் கருவியை வைத்துக்கொண்டார். இன்னொரு பக்கம் அவர் பொம்மை அசைவுப் படக் கலைஞர், 'கம்பி' (Gumby) என்ற களிமண் பொம்மைத் தொடரில் வேலை பார்த்தவர். போக்கோ குழுவின் ரஸ்டி யங் வேறு வழி கண்டார்: சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியில் ஸ்டீலை இணைத்தார். தெரியாதவர்கள் ஆர்கன் என்றே நினைப்பார்கள்.

கேள்வி: அண்ணா, என் டெலிகாஸ்டர் கிட்டாரில் பி-பெண்டர் போடலாம் என்று இருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் அது என்ன செய்கிறது என்பதை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேர்ட்ஸின் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட்டும் டிரம்ஸ் வாசித்த ஜீன் பார்சன்ஸும் (கிராமுக்கு உறவில்லை) 1960களின் பின்பாதியில் உருவாக்கிய பொறி. தோளில் போடும் பட்டையை மாட்டும் மேல் குமிழ் ஒரு நெம்புகோலோடு இணைந்திருக்கும். கிட்டார் கழுத்தைக் கீழே அழுத்தினால் பட்டை அந்தக் குமிழை இழுக்கும். உடலுக்குள்ளே செல்லும் இணைப்பு இரண்டாம் கம்பியை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு, அதாவது ஒரு முழு சுரம், ஏற்றும். முதல் மாதிரிக்கு ஃபெண்டர் பெடல் ஸ்டீலின் பாகங்களையே பயன்படுத்தினார்கள்.

உள்ளே பொருத்தும் வகைக்கு மரத்தின் பின்பக்கத்தைக் குடைய வேண்டும். குடைந்த மரம் திரும்பாது. பழைய, விலையுள்ள கிட்டார் என்றால் கை வைக்காதீர்கள். ஹிப்ஷாட் மாதிரி வெளியே திருகி மாட்டும் வகை இருக்கிறது, இடுப்பால் அழுத்துவது. முதலில் அதில் பழகுங்கள்.

சுருதி சேர்க்கும் வரிசை முக்கியம். பொறியை விட்ட நிலையில், தலைப்பக்கத் திருகாணியால் பி-யைச் சேருங்கள். பிறகு முழுக்க இழுத்துப் பிடித்து, பொறியின் சிறு திருகால் சி ஷார்ப்பைச் சேருங்கள். விட்டு, பி-யை மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும்.

விட்டபின் பி சற்று இறங்கி நின்றால் பொறியைக் குறை சொல்லாதீர்கள். கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் சிக்குகிறது. இழுக்கும்போது முன்னால் நகர்ந்த கம்பி திரும்பப் போகவில்லை. பள்ளத்தில் பென்சில் கரித்தூள் தேயுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். சி ஷார்ப் எட்டவே இல்லை என்றால் பட்டையைப் பாருங்கள். நீளும் துணிப்பட்டை உங்கள் அழுத்தத்தையெல்லாம் தின்றுவிடும். விறைப்பான தோல் பட்டை போடுங்கள். எல்லாக் கம்பியும் சேர்ந்து ஆடினால் நீங்கள் இடது கையால் கழுத்தையே வளைக்கிறீர்கள். வலது முன்கையையும் உடல்மேல் வைத்து முழுக் கிட்டாரையும் இறக்குங்கள்.

கேள்வி: அவ்வளவு செலவு முடியாது. விரலாலேயே அந்த ஒலி வருமா?

பெருமளவு வரும். சி மேஜரில் ஒன்று: மூன்றாம் கம்பி 7ஆம் ஃப்ரெட் நடுவிரல், இரண்டாம் கம்பி 8ஆம் ஃப்ரெட் மோதிரவிரல், முதல் கம்பி 8ஆம் ஃப்ரெட் சுண்டுவிரல். மூன்றையும் ஒன்றாக மீட்டி, மூன்றாம் கம்பியை மட்டும் நான்காம் கம்பிப் பக்கமாகத் தள்ளி டி-யிலிருந்து ஈ-க்கு ஏற்றுங்கள். ஆள்காட்டி விரலும் பின்னால் நின்று தள்ளட்டும். மற்ற இரண்டும் துளியும் அசையக் கூடாது. 9 அல்லது 10 அளவுக் கம்பி செட் போதும், மூன்றாம் கம்பி சுற்றில்லாததாக இருக்கட்டும்.

மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இது சரிவராது. ஒரு கம்பியை வளைத்தால் பிரிட்ஜ் முன்சாய்ந்து மற்றவற்றின் சுருதி இறங்கும். கண்ட்ரி வாசிப்பவர்கள் டெலிகாஸ்டரை விடாமல் இருக்க இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: 'வைல்ட் ஹார்சஸ்' யாருடைய பாட்டு? அதில் அக்கூஸ்டிக் கிட்டார் ஏன் அப்படி மினுங்குகிறது?

எழுதியது ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும். ஆனால் முதலில் வெளியிட்டது பரிட்டோ பிரதர்ஸ், 1970இல். ஸ்டோன்ஸின் பதிவு 1971இல்தான் வந்தது.

ஸ்டோன்ஸ் பதிவில் கேட்கும் அந்த மினுக்கம் நாஷ்வில் டியூனிங். தாழ்ந்த சுருதியுள்ள நான்கு கம்பிகளையும் (3 முதல் 6 வரை) மெல்லிய கம்பிகளாக மாற்றி ஒரு ஸ்தாயி மேலே சேர்ப்பது. முதல் கம்பியிலிருந்து தடிமன், அங்குலத்தில்: .010, .014, .009, .012, .018, .027. அடிக்கடி அறுவது மூன்றாவது. மெதுவாக ஏற்றுங்கள், .008 போட்டாலும் சரி. தனியாக வாசித்தால் சோகையாக இருக்கும். சாதாரண கிட்டார் ஒன்று கூட வாசிக்க வேண்டும்.

கேள்வி: கிராமும் எமிலூ ஹாரிஸும் பாடுவதுபோல் நானும் தங்கையும் பாட முயல்கிறோம். சில இடங்களில் முட்டுகிறது.

மெட்டுக்கு எப்போதும் மூன்றாம் சுரம் மேலே பாடுகிறீர்கள், அதுதான் முட்டுகிறது. ஜி மேஜரில் மெட்டு ஜி, ஏ, பி என்று போனால் மேல்குரல் பி, சி, டி. இதுவரை சரி. மெட்டு டி-க்கு வந்து, அடியில் ஜி கார்டு (ஜி, பி, டி சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஒலித்தால் மூன்றாம் சுரம் எஃப் ஷார்ப் ஆகும், கார்டோடு இடிக்கும். அங்கே ஜி-க்கு ஏறிவிடுங்கள். மேல்குரல் கார்டுக்குள் நிற்பதுதான் விதி, இடைவெளி அதற்கு ஏற்ப மாறலாம். லூவின் பிரதர்ஸும் எவர்லி பிரதர்ஸும் பாடிய வழி இது. கிராம் அங்கிருந்துதான் எடுத்தார். சொல்லின் கடைசி மெய்யை இருவரும் ஒரே கணத்தில் மூடுங்கள். சுரத்தை ஆட்டாதீர்கள், ஒருவர் ஆட்டினாலும் இடைவெளி கலையும். 'கிரீவஸ் ஏஞ்சல்' ஆல்பத்தில் 'லவ் ஹர்ட்ஸ்' கேட்டுப் பழகுங்கள்.

கேள்வி: ஜோஷ்வா ட்ரீ பாலைவனத்தில் கிராமின் உடலை எரித்த கதையைச் சொல்லுங்களேன்.

அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். 1973 செப்டம்பர் 19இல் 26 வயதில் அவர் இறந்தார். அந்த வருடம் வெளிவந்த 'ஜிபி' ஆல்பத்தில் எல்விஸின் குழுவிலிருந்து ஜேம்ஸ் பர்ட்டனும் கிளென் டி. ஹார்டினும் ரோனி டட்டும் வாசித்திருக்கிறார்கள். அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் கண்ட்ரி ராக்கைக் கண்டுபிடித்தது கிராம்தானா?

இல்லை. கிராமுக்கு முன்பே பேர்ட்ஸ் கண்ட்ரி பாடல் பதிவு செய்தார்கள். பீட்டில்ஸ் 1965இல் பக் ஓவென்ஸின் 'ஆக்ட் நேச்சுரலி' பாட்டைப் பாடினார்கள். ஓவென்ஸின் பேக்கர்ஸ்ஃபீல்டு பாணியே டெலிகாஸ்டரும் டிரம்ஸும் ஓங்கிய கண்ட்ரிதான், பாதி ராக். மைக்கேல் நெஸ்மித் 1970இல் ரெட் ரோட்ஸின் ஸ்டீலோடு தந்த 'மேக்னெடிக் சவுத்' ஆல்பத்தை, 'மங்கீஸ்' டிவி தொடர் நடிகர் என்ற முத்திரையால் பலர் திறந்தே பார்க்கவில்லை. கிறிஸ் ஹில்மன் இல்லாமல் கிராமின் சிறந்த பாடல்களில் பாதி இல்லை, 'சின் சிட்டி' இருவரும் சேர்ந்து எழுதியது. கிராமிடம் இருந்தது கண்ட்ரியைக் கேலியாகத் தொடாத மனம். பெரியது அது, ஆனால் மற்றவர்களின் பங்கை அதற்குள் போட்டு மூடக் கூடாது.

கேள்வி: கிளாரன்ஸ் ஒயிட்டின் அந்த முதல் பி-பெண்டர் கிட்டார் இப்போது எங்கே?

1973 ஜூலையில், 29 வயதில், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதிக் கிளாரன்ஸ் இறந்தார். அவருடைய 1954 டெலிகாஸ்டரை 1980இல் மார்ட்டி ஸ்டூவர்ட் வாங்கினார். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காமல் மேடையிலேயே அதை வாசித்து வருகிறார். வீடியோவில் பக்கவாட்டுக் கோணம் வரும்போது உடலின் தடிமனைக் கவனியுங்கள். பொறியை மறைக்கப் பின்னால் ஒட்டிய கூடுதல் அடுக்கு அது.