அப்பத்தாவுக்குப் பேட்டன்ட் கிடையாது

கேள்வி: என் மகனும் அவன் நண்பர்கள் இருவரும் இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். மந்திர உலகக் கதை, நடக்கிற இடம் நம் செட்டிநாட்டுப் பெரிய வீடு. மொத்தம் ஏழு கதாபாத்திரங்கள். படங்களைத் தேவகோட்டையில் ஒரு பையனிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கினார்கள். யாராவது இந்தக் கதாபாத்திரங்களைத் திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. காரைக்குடியில் ஒரு கன்சல்டன்ட், ஒவ்வொன்றுக்கும் பேட்டன்ட் வாங்கித் தருகிறேன், ஒன்றுக்கு 18,000 ரூபாய் என்கிறார். 10,000 அட்வான்ஸும், அவர் கேட்டபடி கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் இரண்டும் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கட்டாதீர்கள் ஆச்சி. ஏழுக்கும் சேர்த்து 1,26,000 ரூபாய் ஆகிறது. அந்தக் காசுக்கு அவரால் வாங்கித் தர முடியாத ஒன்றைத்தான் அவர் விற்கிறார். பேட்டன்ட் என்பது கண்டுபிடிப்புக்குத் தருவது. கதை, ஓவியம், விளையாட்டு ஆடும் முறை எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970ஆம் வருஷப் பேட்டன்ட் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. கதாபாத்திரத்துக்குப் பேட்டன்ட் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் இருபது வருஷ அனுபவத்தில் இரண்டாவது வகைதான் அதிகம்.

உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது காப்புரிமை. அதாவது காப்பிரைட். அது வரைந்த நிமிஷத்திலேயே, எழுதிய நிமிஷத்திலேயே வந்துவிடுகிறது. 1957ஆம் வருஷக் காப்பிரைட் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமே இல்லை. படைத்தவர் காலம் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருஷம் அது இருக்கும். காப்பிரைட்டுக்காகப் பல நாடுகள் சேர்ந்து போட்ட பெர்ன் ஒப்பந்தத்தில் இந்தியா 1928லேயே சேர்ந்துவிட்டதால், அந்த ஒப்பந்தத்தில் உள்ள வெளிநாடுகளிலும் தனிப் பதிவு இல்லாமல் செல்லும். 'அமெரிக்காவுக்குத் தனி, ஜப்பானுக்குத் தனி' என்று அடுத்த மாதம் அவர் இன்னொரு பில் நீட்டுவார். அதையும் கேட்காதீர்கள்.

சரி, எது உங்களுடையது, எது பொது? நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்த அப்பத்தா கதாபாத்திரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து, பல்லுக்குள் அடக்கிய வெற்றிலை, ஒரு கண் மட்டும் லேசாகச் சுருங்கி. இரண்டாம் கட்டு நிலைக்கதவில் அவர் சாவியைத் திருப்பினால் அந்தக் கட்டுக்குள் பொழுது நின்றுவிடுகிறது, வளவு முற்றத்தில் காயப்போட்ட வற்றல் கூடக் காயாமல் அப்படியே கிடக்கிறது. 'மந்திரம் தெரிந்த கிழவி' என்கிற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. நாளைக்கு மதுரையில் ஒருவர் இன்னொரு மந்திரக் கிழவியை உருவாக்கினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்தச் சாவி, இந்தக் கதவு, இந்த முகம், இந்தப் பேச்சு எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கிற இந்த அப்பத்தா உங்களுடையவர். கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று ஒரு நாடகத்துக்கும் ஒரு சினிமாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978லேயே தீர்த்துவிட்டது.

மற்ற ஆறு பேரும் அப்படியே. ரங்கூனிலிருந்து பேரேட்டோடு திரும்பிய அடுத்தாளை, அதாவது கடைக் கணக்கு உதவியாளை, மந்திரவாதி ஆக்கியதும், கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனைத் திருடன் ஆக்கியதும் நல்ல கற்பனை. ஆனால் போர்வீரன், மந்திரவாதி, குணப்படுத்துகிறவர் என்று ஆட்களைப் பிரிக்கிற முறை 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டிலேயே இருக்கிறது, திருடன் அடுத்த வருஷமே சேர்ந்துவிட்டான். அதை எல்லாரும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விளையாட்டுக்கே வம்பு வந்தது பெயரால்தான். முதலில் 'ஹாபிட்' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள், அது எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளில் வரும் குட்டை ஆட்களுக்கு வைத்த பெயர். டோல்கீன் கதைகளின் உரிமையை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததும் 'ஹாஃப்லிங்' என்று மாற்றினார்கள். குட்டை ஆட்கள் அப்படியே இருந்தார்கள், பெயர் மட்டும் போயிற்று. உங்கள் பிள்ளைகளும் பெயர்களை ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், கேமில் வரும் ஒன்பது குலங்களுக்கும் நகரத்தார் குடும்பங்கள் பிரிந்திருக்கிற ஒன்பது கோயில்களின் பெயரை அப்படியே வைத்திருக்கிறார்கள். இளையாத்தங்குடியும் மாத்தூரும் வைரவன்பட்டியும் ஒருவரையொருவர் வாளால் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பங்காளி யாராவது பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கு வருவார். அதற்கு எந்தப் படிவமும் உதவாது. மாற்றச் சொல்லுங்கள். வில்லாளிக்குக் கட்டியிருக்கிற கண்டாங்கிக்குப் பயப்பட வேண்டாம். அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, உண்மைதான். வேறு சேலையைக் கண்டாங்கி என்று விற்றால்தான் தப்பு, வரைவது தப்பில்லை.

நீங்கள் வெளித்திருடனுக்குப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது தேவகோட்டைப் பையனிடம் வாங்காத ஒரு தாளுக்கு. காசு கொடுத்தோம், படம் நம்முடையது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வளவு நேராக இல்லை. காப்பிரைட் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்வது: படைத்தவர்தான் முதல் சொந்தக்காரர். சம்பளத்துக்கு வேலையில் இருந்தவர் வேலையாக வரைந்தால் முதலாளிக்குப் போகும். உங்கள் ஓவியர் சம்பள ஆள் இல்லை. இன்னொரு விலக்கு இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன 'பெயிண்டிங்', உருவப்படம், என்கிரேவிங், சினிமா ஆகியவை சொன்னவருக்கே சொந்தம். 'அப்படியானால் எங்களுக்குத்தானே' என்பீர்கள். பொறுங்கள். அதே சட்டம் கலைப்படைப்பு எது என்று வரிசை போடும்போது பெயிண்டிங் தனி, டிராயிங் தனி என்று பிரித்துச் சொல்லிவிட்டு, இந்த விலக்கில் பெயிண்டிங்கை மட்டும் சொல்கிறது, டிராயிங்கைச் சொல்லவில்லை. டேப்லெட்டில் கோடு போட்டு, அதற்குள் வண்ணம் நிரப்பிய அப்பத்தா பெயிண்டிங்கா, டிராயிங்கா? உருவப்படம் என்றால் யாருடைய உருவம்? இல்லாத ஒரு ஆச்சியின் உருவமா? இதை வைத்து இரண்டு வக்கீல்கள் ஐந்து வருஷம் பேசலாம், இரண்டு பேருக்கும் பீஸ் கிடைக்கும். 1957இல் சட்டம் எழுதியவர்களுக்கு டேப்லெட் தெரியாது, சரி. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தம் போட்டவர்களுக்குமா தெரியாது?

அதனால் அந்த வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். ஓவியப் பையன் கையெழுத்தோடு உரிமை மாற்று ஒப்பந்தம் ஒன்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. எந்தெந்தப் படம், என்னென்ன உரிமை, எவ்வளவு தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்தே வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இன்னொன்று, வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. உங்கள் பிள்ளைகள் போகிற வேகத்தைப் பார்த்தால் கேம் வெளிவர இன்னும் இரண்டு வருஷம் ஆகும் போலிருக்கிறது, ஆகவே அந்த வரியை மறக்கவே கூடாது. படத்தை விற்றாலும் வரைந்தவர் என்ற பெயர் அந்தப் பையனுக்கு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். மூன்று நண்பர்களுக்குள்ளும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இதே போல ஒரு தாள் வேண்டும். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதிவு தேவையே இல்லையா என்றால், செய்துவைப்பது நல்லது. வழக்கு என்று வந்தால் பதிவேடு முதல்நிலைச் சாட்சியாக நிற்கும். ஏழு பேரின் குணம், சக்தி, முன்கதை எல்லாம் எழுதிய அந்த நாற்பது பக்க ஆவணத்தை ஒரே இலக்கியப் படைப்பாகப் பதியலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய். படங்கள் ஒவ்வொன்றும் தனி விண்ணப்பம். அப்பத்தாவையும் பெட்டியடிப் பையனையும் மட்டும் முதலில் போடுங்கள், தலைக்கு 500. சட்டையிலும் கோப்பையிலும் போட்டு விற்கிற எண்ணம் இருந்தால் கட்டணம் 2,000, டிரேட்மார்க் பதிவாளரின் சான்றும் வேண்டும். எல்லாம் இணையத்திலேயே படிவம் 14இல் முடிந்துவிடும். டைரி எண் வரும், ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும், அப்புறம் பரிசோதகர் பார்ப்பார். எப்போது பார்ப்பார் என்று கேட்காதீர்கள். என் சொந்த விண்ணப்பம் ஒன்று, கையெழுத்து கட்டத்துக்கு வெளியே அரை அங்குலம் போயிருக்கிறது என்று ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

கேமின் பெயரை டிரேட்மார்க் செய்யலாம். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய், இணையம் வழியாக. கேமுக்கு 9ஆம் வகுப்பு பொருந்தும்.

கடைசியாக அந்த வெள்ளைத்தாள். என்னிடம் வந்த ஒருவர் கதை இது: புரோக்கரை நம்பி எல்லாம் செய்தார், சான்றிதழும் வந்தது, 'படைத்தவர்' இடத்தில் அவர் பெயர், 'உரிமையாளர்' இடத்தில் புரோக்கர் பெயர். புரோக்கர் உரிமையாளர் ஆவதில் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், இவர் வெறும் தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலேயே டைப் ஆகியிருந்தது. சரிசெய்ய இரண்டு வருஷம் ஆயிற்று. அட்வான்ஸ் 10,000 திரும்ப வராவிட்டால் போகட்டும். நாளைக்கே மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்த இரண்டு தாள்களையும் கையில் வாங்குங்கள். தர மறுத்தால், இன்ன தேதியில் கையெழுத்திட்ட இரண்டு வெள்ளைத்தாள்கள் தந்தேன், அவற்றை எதற்கும் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை என்று அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.