வட்டியில்லாத் தவணை: உண்மையில் எவ்வளவு கட்டுகிறோம்?

கேள்வி: ஃப்ரிட்ஜ் விலை 32,000. எட்டுத் தவணை, அதில் இரண்டை முதலிலேயே கட்ட வேண்டும், வட்டியே இல்லை என்கிறார்கள். எடுக்கலாமா?

முதலில் தவணைப் பேச்சை எடுக்காமல், "ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். 30,400-க்குத் தருவதாகச் சொன்னால் அதுதான் ஃப்ரிட்ஜின் விலை. மீதி 1,600 உங்களுக்குத் தெரியாமல் சேர்ந்த வட்டி.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடையிலேயே 8,000 கட்டிவிடுகிறீர்கள். அதோடு பிராசஸிங் கட்டணம் 700. ஆக, ரொக்க விலையில் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் கடன் 21,700 தான். அதற்கு மாதம் 4,000 வீதம் ஆறு மாதத்தில் 24,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 35 சதவீதம்! அதிகம் போவது 2,300 ரூபாய்தானே என்று தோன்றும். வாங்கிய தொகை சிறியது, ஆறே மாதத்தில் அடைந்துவிடுகிறது. அதனால்தான் விகிதம் இப்படி ஏறுகிறது. முன்தவணை கேட்கும் திட்டங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை, போட்டேன். பில்லில் மாதாமாதம் வட்டியும் ஜிஎஸ்டியும் வருகிறதே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அது அப்படித்தான் வரும். வங்கி தன் வட்டியை வாங்காமல் விடாது. அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி தருகிறது, அவ்வளவுதான். ஆனால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். 40,000 ரூபாய் போனுக்கு 9 மாதத் தவணை, ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால் வட்டி ஏறக்குறைய 2,390, அதற்கு வரி 430. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

கேள்வி: ரொக்கத்துக்கும் ஒரே விலைதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். அப்போது லாபம்தானே?

இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தும் அதே விலை என்றால், சரி, எடுக்கலாம். ஆனால் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். 30,000 ரூபாயை ஆறு தவணையாகக் கட்டிக்கொண்டு, மீதிப் பணத்தை இரண்டரை சதவீதச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் கிடைப்பது சுமார் 220 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199, வரியோடு 235. கையில் பணம் இல்லாதவருக்குத்தான் இந்த வசதி உண்மையாகவே உதவும்.

கேள்வி: கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஃபைனான்ஸ் கம்பெனியிடம் 'முக்கியத் தகவல் அறிக்கை' கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதை உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கூடுதல் வாரண்டி, இன்ஷூரன்ஸ் என்று நீங்கள் கேட்காதது எதுவும் கடன் தொகையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: டிவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தவணை இன்னும் பிடிக்கிறார்கள்.

கடை வேறு, கடன் வேறு. கடை பணத்தைத் திருப்பி அனுப்பியதற்கான ரசீதோடு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கோபத்தில் கணக்கைக் காலி செய்துவிடாதீர்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை பவுன்ஸ் ஆனால் கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், உங்கள் வங்கி ஒரு அபராதம், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். கடன் முடிந்ததற்கான சான்றிதழ் கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.