ஜப்பான் பயணத்துக்கு எந்த வழிகாட்டி நூல்?

கேள்வி: நானும் என் கணவரும் வரும் மார்ச் மாத இறுதியில் இரண்டு வாரங்கள் ஜப்பானில் தங்கி, டோக்கியோ, கனசவா, கியோட்டோ ஆகிய ஊர்களைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். சுற்றுலாக் குழுவோடு செல்ல விருப்பமில்லை. இருவரும் சைவ உணவு உண்பவர்கள். புத்தகக் கடையில் ஜப்பானைப் பற்றிய ஆங்கில வழிகாட்டி நூல்கள் நான்கைந்து இருந்தன. ஒவ்வொன்றும் நல்ல விலை. எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது அட்டையையும் வண்ணப் படங்களையும் ஒதுக்கிவிட்டு, முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அச்சிட்ட ஆண்டு ஒன்றும், அந்தப் பதிப்பு முதன்முதலாக வெளியான ஆண்டு ஒன்றும் இருக்கலாம். நமக்கு வேண்டியது இரண்டாவது. மறு அச்சு என்பது பழைய செய்திகளைப் புதிய தாளில் தருவது மட்டுமே. புதிய பதிப்பாகவே இருந்தாலும், நூலாசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று செய்திகளைத் திரட்டியதற்கும் நூல் கடைக்கு வருவதற்கும் இடையில் பல மாதங்கள் கழிந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு புதிதாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. பழைய பதிப்பின் பத்திகளை அப்படியே விட்டுவிட்டு விலைகளை மட்டும் மாற்றும் பழக்கம் பதிப்பகங்களுக்கு உண்டு. ஆகவே கடையில் நின்றபடியே நூலுக்கு ஒரு சிறிய தேர்வு வைக்க வேண்டும். உங்கள் பயணத் திட்டத்திலேயே அதற்கான வினாக்கள் இருக்கின்றன.

முதலாவது, குறிப்பிட்ட நாள்களுக்கு ஒரே கட்டணத்தில் ரயில்களில் சுற்ற வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரப்படும் ஜப்பான் ரயில் பாஸ். 2023 அக்டோபர் 1 முதல் ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சென்று திரும்ப ஏறத்தாழ 28,000 யென் ஆகும். பழைய விலையில் அந்த ஒரு பயணமே பாஸின் விலையைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும் என்பதால், எல்லா நூல்களும் ‘ஜப்பானுக்குச் செல்பவர் முதலில் வாங்க வேண்டியது பாஸ்’ என்று எழுதின. இன்றைய விலையில் அது பெரும்பாலோருக்கு நட்டம். உங்களைப் போல மூன்று ஊர்களில் தங்கிப் பார்ப்பவர்கள் தனித்தனிப் பயணச்சீட்டே வாங்கலாம். பழைய அறிவுரையை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் நூலை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வினா இன்னும் நுட்பமானது. கனசவாவிலிருந்து கியோட்டோவுக்கு எப்படிச் செல்வது என்று அந்த நூலில் தேடுங்கள். முன்பு தண்டர்பேர்டு என்னும் விரைவு ரயில் இடையில் மாறாமல் கொண்டுபோய்விட்டது. 2024 மார்ச் 16 அன்று ஹொக்குரிக்கு ஷின்கான்சென் பாதை கனசவாவிலிருந்து சுருகா என்னும் ஊர் வரை நீண்டபோது, தண்டர்பேர்டு சுருகாவோடு நின்றுவிட்டது. இப்போது கனசவாவிலிருந்து சுருகா வரை ஷின்கான்சென்னில் வந்து, அங்கே இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். சுருகா என்ற பெயரே அந்தப் பத்தியில் இல்லையென்றால், பதிப்பு ஆண்டு என்னவாக இருந்தாலும் செய்தி பழையது. கியோட்டோ நகரப் பேருந்துகளுக்கான ஒரு நாள் பாஸைச் சிறந்த வழி என்று சொல்லும் நூலும் அப்படித்தான். அந்தப் பாஸ் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்துத் தரும் பாஸ்.

அடுத்து உணவு. உங்கள் இருவருக்கும் இதுவே பெரிய கவலையாக இருக்கும் என்பதால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ‘சைவ உணவகங்கள் பெருகி வருகின்றன’ என்று ஒரு வரி எழுதி நான்கு உணவகங்களின் பெயரைத் தந்துவிட்டுப் போகும் நூலால் உங்களுக்குப் பயன் இல்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. கொம்பு என்னும் கடற்பாசியோடு, உலர்த்திப் புகையூட்டிய மீனின் சீவல்களையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் அதை எடுக்கிறார்கள். மீசோ என்னும் சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் சூப், உடோன், சோபா போன்ற நூடுல்ஸ் வகைகளின் குழம்பு, வேகவைத்த காய்கறி என எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். தட்டில் மீன் துண்டு கண்ணில் படாததால் அது சைவம் ஆகிவிடாது. இதை விளக்கி, மீன் சாறு சேர்க்க வேண்டாம் என்று கேட்பதற்கான வாக்கியத்தை ஜப்பானிய எழுத்திலேயே அச்சிட்டுத் தரும் நூல் உங்கள் கைப்பையில் இடம் பெறத் தகுதியுடையது. புத்தக் கோயில்களின் மரபில் வந்த ஷோஜின் ர்யோரி என்னும் உணவு இறைச்சியும் மீனும் இல்லாதது. கோயா மலையில் ஏறத்தாழ ஐம்பது கோயில்கள் பயணிகளைத் தங்கவைத்து இந்த உணவைப் பரிமாறுகின்றன. உங்கள் பட்டியலில் கோயா மலை இல்லை. கியோட்டோவில் ஒரு நாளைக் குறைத்து அதைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பது என் யோசனை. அந்த மலைக்குச் செல்லும் ரயிலையும், அதன் இறுதியில் ஏற வேண்டிய கேபிள் ரயிலையும் நூல் எவ்வளவு தெளிவாக விவரிக்கிறது என்பதையும் கூடவே சோதித்துவிடலாம்.

இடங்களின் பெயர்கள் ஜப்பானிய எழுத்திலும் தரப்பட்டுள்ளனவா என்பதை எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெரிய ரயில் நிலையங்களில் ஆங்கிலப் பலகைகள் உண்டு. சந்துக்குள் இருக்கும் சிறிய உணவகத்தின் வாசலில் பெரும்பாலும் இருக்காது. அத்துடன், டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. வட்டாரம், அதற்குள் ஒரு பகுதி எண், மனைத்தொகுதி எண், கட்டட எண் என்ற வரிசையில்தான் முகவரி அமைகிறது. அந்த எண்களும் தெருவோரமாக ஒழுங்கு வரிசையில் செல்வதில்லை. முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் தந்துவிட்டு, எந்த ரயில் நிலையத்தின் எந்த எண் வாயிலில் வெளியேற வேண்டும் என்று சொல்லாத நூலைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் ஒன்றைப் பார்ப்பேன்: ஏதேனும் ஓர் இடத்தைப் பற்றி, ‘நேரம் குறைவாக இருந்தால் இதை விட்டுவிடலாம்’ என்று எழுதும் துணிவு அந்த நூலாசிரியருக்கு இருக்கிறதா? எல்லாக் கோயிலும் எழில் கொஞ்சுகிறது, எல்லாச் சந்தையும் களைகட்டுகிறது என்று எழுதியிருந்தால் அது சுற்றுலாத் துறையின் விளம்பரத் தாளுக்கு விலை போட்டு விற்பதாகும். நீங்கள் செல்வது செர்ரி மலரும் பருவத்தில். அப்போது கியோட்டோவில் கூட்டம் நெரியும். ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. ஆகவே விடியற்காலையில் சென்றுவிடுங்கள் என்று சொல்லும் ஒரு வரி, அதே ஆலயத்தின் சிவப்புத் தோரண வாயில்களை வருணிக்கும் ஒரு பக்கத்தைவிட மதிப்பு மிக்கது.

நூல் வரிசைகளைப் பற்றிச் சுருக்கமாக: லோன்லி பிளானட், ரஃப் கைட்ஸ் இரண்டும் தாமே வழி தேடிச் செல்பவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை, போக்குவரத்துச் செய்திகளில் பொதுவாக வலுவானவை. ரஃப் கைட்ஸ் வரலாற்றையும் சமூகத்தையும் சற்று விரிவாகப் பேசும். டி.கே. ஐவிட்னஸ் நூல்களில் கட்டடங்களின் உள்ளமைப்பைக் காட்டும் ஓவியங்கள் அருமையாக இருக்கும். ஒரு கோட்டைக்குள் எதைப் பார்ப்பது என்று அறிய அது போதும், அங்கே போய்ச் சேர்வதற்கு வேறு துணை வேண்டும். வரிசையின் பெயரை நம்பி வாங்க வேண்டாம். ஒரே பதிப்பகத்தின் இத்தாலி நூலும் ஜப்பான் நூலும் வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியவை, தரமும் வேறுபடும். முழு நாட்டுக்குமான நூல்கள் எண்ணூறு, தொள்ளாயிரம் பக்கங்களை எட்டுவதுண்டு. மூன்று ஊர்களுக்காக ஹொக்கைடோவையும் ஒக்கினாவாவையும் சேர்த்துச் சுமக்காமல், நகரங்களுக்கான சிறு நூல்கள் இரண்டை வாங்குவதும் ஒரு வழி. ஆனால் சிறு நூல்களில் கனசவா பெரும்பாலும் இடம்பெறாது.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் 2015ஆம் ஆண்டின் ஜப்பான் வழிகாட்டி நூல் ஒன்று நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இதை வைத்துக்கொண்டே சமாளிக்க முடியாதா?
– வாசகர், மதுரை

பதில்: பாதி சமாளிக்கலாம். வரலாறு, சமயம், கோயில் தோட்டங்களின் அமைப்பு, வெந்நீர் ஊற்றுக் குளியலறைகளில் தொட்டிக்குள் இறங்கும் முன் உடலைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது போன்ற நடைமுறைகள், உணவகத்தில் அன்பளிப்புப் பணம் வைக்கும் வழக்கம் இல்லை என்பது – இவை பத்து ஆண்டுகளில் பழையனவாகிவிடவில்லை. கட்டணம், நேரம், ரயில், உணவகம், விடுதி ஆகியவற்றைப் பற்றி அந்த நூல் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். அதில் டோக்கியோவின் சுகிஜி மொத்த மீன் சந்தையில் விடியற்காலை ஏலத்தைப் பார்க்கும் வழி எழுதியிருக்கக்கூடும். அந்த மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறிவிட்டது. சுகிஜியில் இப்போது இருப்பவை வெளிச்சந்தையின் கடைகளே. 2019 அக்டோபரில் நுகர்வு வரியும் 10 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. நூறு ரூபாய் நூலை வீட்டில் படியுங்கள், பயணத்துக்குப் புதியதை வாங்குங்கள்.

கேள்வி: இணைய அங்காடியில், தலைப்பிலேயே நடப்பு ஆண்டைப் போட்டு, குறைந்த விலையில் பல வழிகாட்டி நூல்கள் விற்கின்றன. பாராட்டுரைகளும் குவிந்திருக்கின்றன. வாங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மிகுந்த எச்சரிக்கை தேவை. யாரும் எங்கும் செல்லாமல், கணினி மென்பொருளைக் கொண்டே தொகுக்கப்பட்ட பயண நூல்கள் இணைய அங்காடிகளில் அண்மை ஆண்டுகளில் ஏராளமாக நுழைந்துவிட்டன. பாராட்டுரைகளும் பல வேளைகளில் அதே தொழிற்சாலையில் உருவாகின்றன. ஆசிரியர் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்த நாட்டைப் பற்றி அவர் வேறெங்கும் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கவில்லை என்றாலே ஐயப்படலாம். மாதிரிப் பக்கங்களில் வரைபடமே இல்லாமல், எந்த ஊருக்கும் பொருந்தும் புகழ்ச்சி வாக்கியங்கள் மட்டும் இருந்தால் ஐயத்துக்கும் இடமில்லை. சிறிய பதிப்பகங்களும் தனி ஆசிரியர்களும் வெளியிடும் நல்ல நூல்கள் உண்டு. மேலே சொன்ன சுருகா வினாவை அவற்றிடமும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எல்லாம் இருக்கும்போது வழிகாட்டி நூல் எதற்கு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ரயில் நேரத்துக்கும் நடைபாதைக்கும் கைப்பேசியே மேல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கைப்பேசி கேட்டதற்குத்தான் விடை தரும்; எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவருக்கு நூல் வேண்டும். ஜப்பானின் பெரிய அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அந்தத் திங்கள் பொதுவிடுமுறையாக அமைந்தால் அன்று திறந்து, செவ்வாயன்று மூடுவார்கள். டோக்கியோவின் புறநகரான மிதாகாவில் உள்ள, கிப்லி என்னும் அசைவூட்டப் பட நிறுவனத்தின் அருங்காட்சியக வாசலில் நுழைவுச்சீட்டு விற்பதே இல்லை. அடுத்த மாதத்துக்கான சீட்டுகள் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பானிய நேரப்படி காலை 10 மணிக்கு, நம் நேரப்படி காலை 6.30 மணிக்கு, இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. இவற்றை ஊரில் இருக்கும்போதே படித்துத் தெரிந்துகொண்டால் பயண நாள்களை அதற்கேற்ப அடுக்கலாம். அப்படித் திட்டமிட்டு முடித்த பிறகு, தேவையான பக்கங்களைக் கைப்பேசியிலேயே படமெடுத்துக்கொண்டு நூலை வீட்டில் வைத்துவிட்டுச் சென்றாலும் குறையொன்றுமில்லை.